தோட்டத்திலிருந்து லண்டன் வரை: முதல் நீண்ட விமானப் பயணத்தை உடம்பு நோகாமல் முடிப்பது எப்படி?

ஹீத்ரோவில் விமானம் நின்றதும் அம்மா குனிந்து சப்பாத்தைத் தேடி எடுத்தார். வலது கால் நுழையவில்லை. இடது காலும் நுழையவில்லை. "இது என்னுடைய சப்பாத்துதானா மகள்?" என்று கேட்டார். கணுக்கால் எலும்பே தெரியாத அளவுக்குப் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்தவர் அவர். இன்றைக்கும் எங்கள் தோட்டத்து ஏற்றத்தில் என்னைவிட வேகமாக ஏறுவார். அந்தக் கால்களை அப்படிப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணத்தைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஹட்டனில் வேன் ஏறினோம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஐந்தரை மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் நாற்காலியில். பிறகு பதினொரு மணி நேரம் விமானத்தில். ஆக, ஏறக்குறைய இருபது மணி நேரம் அம்மா உட்கார்ந்தே இருந்திருக்கிறார். வாழ்நாளில் ஒருநாள்கூட அவர் அப்படி உட்கார்ந்ததில்லை.

பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக மகள் வீட்டுக்குப் போகும் அம்மாக்கள், படிக்கப் போகும் தம்பிகள், வேலைக்குப் போகும் அக்காமார் என்று இலங்கையின் மலையகத்திலிருந்து முதன்முறையாக விமானம் ஏறுபவர்கள் இன்று நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அம்மாவின் இரண்டாவது பயணத்தில் நாங்கள் மாற்றிக்கொண்டவைதான் கீழே இருப்பவை.

உயரத்தை நினைத்து முதலில் பயப்படாதீர்கள். விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி, அதிகம் போனால் 8,000 அடி மலையில் இருப்பது போன்ற நிலையில் வைத்திருப்பார்கள். நம் நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகல மலை உச்சியே 2,524 மீற்றர், அதாவது சுமார் 8,280 அடி. குளிரும் நமக்குப் பழக்கம்தான். பழகாதவை இரண்டு: அசையாமல் உட்கார்ந்திருப்பது, வறண்ட காற்று. இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் பாதிப் பயணத்தை வென்ற மாதிரி.

படி 1: டிக்கெட் எடுத்த அன்றே இருக்கையைப் பாருங்கள்

முதல் பயணத்தில் எல்லோரும் ஜன்னல் ஓரத்தைக் கேட்பார்கள். ஆசை நியாயமானது. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நடைபாதை ஓர இருக்கைதான் நல்லது. ஜன்னல் ஓரத்தில் இருக்கும் அம்மா, பக்கத்தில் உறங்குபவரை எழுப்பக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார். எங்கள் முதல் பயணத்தில் நடந்தது அதுதான். கழிப்பறையை ஒட்டிய வரிசைகளைத் தவிருங்கள். இரவு முழுக்கக் கதவுச் சத்தம் கேட்கும். கடைசி வரிசையில் பல விமானங்களில் இருக்கை பின்னால் சாயாது.

மரக்கறி உணவு வேண்டுமென்றால் குறைந்தது ஒரு நாளைக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். விமானத்தில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம். நடக்கச் சிரமப்படுபவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியையும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். இடையில் டோஹாவிலோ துபாயிலோ விமானம் மாறுபவர்களுக்கு இது பெரிய உதவி. அங்கே ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடக்கும் தூரம் சிறியதல்ல.

படி 2: முந்தைய நாளே மலையிறங்குங்கள்

மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் படியை மறக்காதீர்கள். நம்முடைய விமானப் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலில் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவு ஒன்று இதற்குப் பொருந்தும்: நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் ஏற்படுகிறது என்பதால் பீதி வேண்டாம். ஆனால் அந்த முடிவு விமானத்துக்கு மட்டுமானதல்ல. பஸ், கார், ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்னது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக இறங்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் வரும்.

முடிந்தால் முந்தைய நாள் பகலில் இறங்கி, கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தெரிந்தவர்கள் வீட்டில் ஓர் இரவு தங்குங்கள். மழைக்காலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்சரிந்து பாதை மூடிவிட்டால், விமானம் நமக்காகக் காத்திருக்காது. தங்க வசதியில்லையென்றால் வேனை இரண்டு இடங்களிலாவது நிறுத்தச் சொல்லி, பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். வழியனுப்ப வரும் உறவினர்கள் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 3: முந்தைய நாள் சாப்பாடு

உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது வயிற்றிலுள்ள வாயு விரிவடையும். தரையில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை அது கூடலாம். அதனால் புறப்படுவதற்கு முந்தைய நாள் பருப்பு, கடலை, கோவா (முட்டைக்கோஸ்), போஞ்சி, சோடா ஆகியவற்றைக் குறையுங்கள். வழியனுப்பும் விருந்தென்று நம் வீடுகளில் சரியாக இவற்றைத்தான் நிறையச் சமைப்பார்கள். சோறும் ரசமும், அல்லது ரொட்டியும் கொஞ்சம் சம்பலும் போதும்.

படி 4: உடை

குளிருமே என்று ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் மெல்லிய கம்பளிச் சட்டை, அதற்குமேல் ஒரு சால்வை. விமானத்துக்குள் ஒரு நேரம் புழுங்கும், ஒரு நேரம் உதறும். ஒவ்வொன்றாகக் கழற்றவும் போடவும் முடிய வேண்டும்.

சேலைதான் கட்டுவேன் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். சேலையால் தொந்தரவில்லை, பாவாடை நாடாவால்தான் தொந்தரவு. இறுக்கிக் கட்டிய நாடா, வயிறு உப்பியதும் இடுப்பில் பதிந்து, லண்டனில் இறங்கும்போது சிவந்த கோடாக இருந்தது. இரண்டாவது பயணத்தில் பாவாடைக்கு நாடாவை உருவிவிட்டு அகலமான இலாஸ்டிக் போட்டுத் தைத்தோம். சேலையும் நின்றது, இடுப்பும் தப்பியது. இளையவர்கள் இறுக்கமான ஜீன்ஸைத் தவிர்த்தால் போதும்.

சப்பாத்து நாடா வைத்ததாக இருக்கட்டும்; கால் வீங்கினால் தளர்த்திக்கொள்ளலாம். முழங்கால் வரை வரும் இறுக்கமான மருத்துவக் காலுறை ஃபாமசிகளில் கிடைக்கும். சர்க்கரை நோய், கால் இரத்தக் குழாய்க் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டே அணிய வேண்டும்.

படி 5: கைக்குள் ஒரு சின்னப் பை

மேலே வைக்கும் பெட்டி வேறு, காலடியில் வைக்கும் பை வேறு. இரண்டாவதில்தான் உங்கள் சுகம் இருக்கிறது. அதில் வைக்க வேண்டியவை: கடவுச்சீட்டும் பேனாவும், தினமும் எடுக்கும் மாத்திரைகள் அவற்றின் உறையோடும் டொக்டரின் சீட்டோடும், வெற்றுத் தண்ணீர்ப் போத்தல், உதட்டுக்கு வாசலின், பல்துலக்கி, ஒரு சிறு துவாய், நாலைந்து டொபி, காதடைப்பான், கண்மூடி.

திரவம் என்றால் பொதுவாக 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சித்தாலேபத் தைலமும் வாசலினும் அந்தக் கணக்கில்தான் சேரும், ஆனால் சின்ன டப்பா தாராளமாகப் போகும். அச்சாறுப் போத்தலையும் சம்பல் டப்பாவையும் பெரிய பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறு: பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும். இப்போது பல விமானங்களில் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் விடுவதில்லை. எனவே ஃபோனை முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு ஏறுங்கள்.

படி 6: இருக்கையை உங்களுடையதாக்குங்கள்

உட்கார்ந்ததும் கொடுக்கும் சிறு தலையணையைத் தலைக்கு வைக்காமல் இடுப்புக்குப் பின்னால் வையுங்கள். தலைக்குச் சால்வையைச் சுருட்டிக்கொள்ளலாம். தலைக்கு மேலே குளிர்காற்று வரும் சிறு துளை இருந்தால், திருகி முகத்திலிருந்து விலக்குங்கள். போர்வைக்கு மேலே தெரியும்படி பெல்ட்டைப் போடுங்கள். இல்லையென்றால் விமானம் குலுங்கும்போதெல்லாம் பெல்ட்டைச் சரிபார்க்கப் பணிப்பெண் உங்களை எழுப்ப வேண்டியிருக்கும். குலுக்கல் என்பது உடைந்த தோட்டப் பாதையில் பஸ் போவது மாதிரிதான். பெல்ட் போட்டிருந்தால் போதும்.

அம்மாவின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. அவருடைய பாதம் தரையில் முழுதாகப் படியவில்லை. இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருந்ததை முதல் பயணத்தில் நான் கவனிக்கவே இல்லை. இரண்டாவது பயணத்தில் விமானம் மேலேறியதும் அந்தச் சின்னப் பையைப் படுக்கவைத்து, பாதங்களை அதன்மேல் வைக்கச் சொன்னேன். தொடை விளிம்பிலிருந்து எழும்பிவிட்டது. உயரம் குறைந்தவர்கள் அவசியம் இதைச் செய்யுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் பையை முன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட வேண்டும்.

படி 7: கால்களுக்கு வேலை கொடுங்கள்

காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேலே அனுப்புவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. மலைச்சரிவில் கூடையோடு ஏறும் ஒவ்வோர் அடியிலும் அந்தத் தசை சுருங்கி, இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. உட்கார்ந்துவிட்டால் அந்த வேலை நின்றுபோகிறது. அம்மாவுக்கு இதை இப்படிச் சொன்னபோதுதான் சட்டென்று புரிந்தது.

ஆகவே மணிக்கொரு தடவை, உட்கார்ந்தபடியே: குதிகாலை ஊன்றி விரல்களை மேலே தூக்குங்கள், பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். இருபது தடவை. அடுத்து ஒரு பாதத்தைத் தூக்கி, கணுக்காலால் வட்டம் போடுங்கள், இரண்டு பக்கமும் பத்துப் பத்து. பிறகு ஒரு முழங்காலைக் கைகளால் பிடித்து நெஞ்சுப் பக்கம் இழுத்து, பத்து வரை எண்ணிவிட்டு விடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கொரு தடவையாவது எழுந்து நடைபாதையில் ஒரு சுற்றுப் போங்கள். காலை மடித்துச் சம்மணமிட்டோ, கால்மேல் கால் போட்டோ நீண்ட நேரம் இருக்காதீர்கள்.

படி 8: தண்ணீர்

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்தான். மூடுபனியில் வளர்ந்த நமக்கு அது பாலைவனம். மூக்கு எரியும், உதடு வெடிக்கும், தொண்டை காயும். சோதனை முடிந்த பின் வெற்றுப் போத்தலை நிரப்பிக்கொண்டு, இரண்டு மூன்று மிடறாக அடிக்கடி குடியுங்கள். கழிப்பறைக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். தேநீர் நம் உயிர்தான், ஆனால் தூங்க நினைக்கும் நேரத்துக்கு முன் வேண்டாம். வெந்நீர் கேட்டு வாங்கிச் சமஹன் மூலிகைப் பொடியைக் கலந்து குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும்.

படி 9: கழிப்பறை

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, கேட்கவும் வெட்கப்படுகிறார்கள். சிறு கழிப்பறைகளின் கதவு பெரும்பாலும் நடுவில் மடியும். நடுப்பகுதியைத் தள்ளினால் உள்நோக்கி மடிந்து திறக்கும். உள்ளே போய்த் தாழ்ப்பாளை முழுதாக நகர்த்தினால்தான் விளக்கு நன்றாக எரியும். கழுவும் பொத்தானை அழுத்தியதும் பெரும் உறிஞ்சும் சத்தம் வரும், பயப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்தவுடன் வரிசை நீண்டுவிடும், அதற்கு முன்பே போய்விடுங்கள்.

படி 10: தூக்கம்

ஏறியதும் கைக்கடிகாரத்தைப் போகும் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். லண்டன் நமக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் பின்னால். அங்கே இரவென்றால் உறங்குங்கள், பகலென்றால் ஒரு குட்டித் தூக்கத்தோடு நிறுத்துங்கள். தூக்க மாத்திரை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதைப் போட்டு ஒரே நிலையில் பல மணி நேரம் கிடந்தால், காலுக்குச் செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும்.

படி 11: இறங்கும்போது காது

ஹட்டனிலிருந்து கீழே போகும்போது கினிகத்தேனை வளைவுகளில் காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'டப்' என்று திறக்குமே, அதேதான். ஆனால் கொஞ்சம் பலமாக இருக்கும். தரையிறங்க அரை மணி நேரத்துக்கு முன்பே விழித்துக்கொண்டு ஒரு டொபியைச் சப்புங்கள். அடைப்பு விடவில்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெதுவாக மூச்சைத் தள்ளுங்கள், பலமாக வேண்டாம். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். கடும் தடிமன் இருந்தால் பயணத்துக்கு முன்பே டொக்டரைப் பாருங்கள்.

அந்த அரை மணி நேரத்திலேயே சப்பாத்தையும் போட்டுவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு கால்களும் ஒரே அளவில் லேசாக வீங்கியிருந்தால், நடந்து, படுத்துக் கால்களை உயர்த்தி வைக்க, ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டையில் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். சில வாரங்கள் கழித்து வந்தாலும் அப்படித்தான். விமானத்தில் வந்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது பயணத்தில், நீர்கொழும்பில் ஓர் இரவு உறங்கி எழுந்து புறப்பட்ட அம்மா, ஹீத்ரோவில் இறங்குவதற்கு முன் குனிந்து சப்பாத்தைப் போட்டார். நாடாவை ஒரு விரல் அளவு தளர்த்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குடிவரவு வரிசை வரைக்குமான அந்த நீண்ட நடையில், தங்கைக்கென்று கொண்டுவந்த தேயிலைப் பையையும் தூக்கிக்கொண்டு, எனக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.