கரண்ட் பில் எகிறியதா? மீட்டரைச் சந்தேகிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

சிங்கப்பூரில் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ‘பியூபி பில்’ என்று சொல்லும் எஸ்பி பில்லில் (எஸ்பி குழுமம் அனுப்பும் மின்சார, தண்ணீர் பில்) மின்சாரத் தொகை திடீரென்று ஏறினால், முதலில் அந்தப் பில்லையே நிதானமாகப் படியுங்கள். பழைய மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அளவெடுப்பார்கள். இடையில் வருவது வெறும் மதிப்பீடு. அது குறைவாக இருந்தால் விட்டதெல்லாம் அடுத்த பில்லில் சேர்ந்து வரும். இந்த மாதமும் மதிப்பீடுதான் என்றால், நீங்களே அளவைப் பார்த்து எஸ்பி செயலியில் அனுப்பலாம். மீட்டரில் சுழலும் எண்களில் கடைசியாக இருக்கும் சிவப்பு எண் தசமம், அதைச் சேர்க்காதீர்கள்.

அதிலும் விடை கிடைக்கவில்லையா? சோதனைக்கு வாருங்கள்.

மெயினை அணைத்துப் பார்ப்பது

ஏர்கானையும் கணினியையும் முறையாக நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். (வீட்டில் மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.) வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மீட்டர் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, பக்கத்து வீட்டு மீட்டர்களோடு ஒரே அலமாரியில் இருக்கும். முத்திரையைத் தொடாதீர்கள், கண்ணால் பார்த்தால் போதும்.

பலர் தடுமாறுவது இங்கேதான். மெயினை அணைத்த பிறகும் மீட்டரின் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று பதறுவார்கள். மின்சாரம் ஓடாதபோது விளக்கு நிலையாக எரிவது பல மின்னணு மீட்டர்களின் இயல்பு. மின்னி மின்னி அணைந்தால்தான் யூனிட் ஓடுகிறது. சில நிமிடம் நின்று பாருங்கள்.

மின்னுகிறதா? அது உங்கள் மீட்டர்தானா என்று உறுதிசெய்யுங்கள். மெயினைப் போட்டு, கெட்டிலைக் கொதிக்கவிட்டு, எந்த மீட்டர் வேகமெடுக்கிறது என்று ஒருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். வேகமெடுக்கும் மீட்டரின் எண்ணும் உங்கள் கணக்கில் உள்ள எண்ணும் வேறானால், பிரச்சினை மீட்டரில் இல்லை, கணக்கு மாறியிருக்கிறது.

மெயினை அணைத்ததும் நின்றுவிட்டால், உறிஞ்சுவது வீட்டுக்குள்தான். டிபி பெட்டியில் (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். என் முதல் சந்தேகம் எப்போதும் தொட்டி வைத்த வாட்டர் ஹீட்டர்மேல்தான். அணைக்க மறந்தால் யாரும் குளிக்காத நேரத்திலும் ஆறுகிற தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சூடேற்றிக்கொண்டே இருக்கும்.

மீட்டர் வேகமாக ஓடுகிறதா?

கெட்டில் மட்டும் ஓடட்டும், மற்றதெல்லாம் அணையட்டும். இஸ்திரிப்பெட்டி வேண்டாம், அது தானாக அணைந்து எரியும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் (விளக்கு எத்தனை முறை மின்னும்) என்று அச்சிட்டிருக்கும். அது 1000 என்றால், 2000 வாட் கெட்டிலுக்கு 1.8 வினாடிக்கு ஒரு மின்னல், அதாவது பத்து இடைவெளிக்கு 18 வினாடி. முதல் மின்னலைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்குங்கள். ஸ்டாப்வாட்சைவிடக் கைப்பேசியில் வீடியோ எடுப்பதே மேல். பிறகு ஆதாரமாகவும் ஆகும். பிளக்கில் செருகும் பவர் மீட்டர் ஃபிரிட்ஜுக்கு நல்லது, சுவரோடு இணைத்த ஹீட்டருக்கும் ஏர்கானுக்கும் உதவாது. கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டருக்காக டிபி பெட்டியின் உள்மூடியைக் கழற்றவே கூடாது, அது உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியன் வேலை.

15, 16 வினாடியிலேயே முடிந்தால் பதற வேண்டாம். கெட்டிலில் எழுதியிருக்கும் வாட் அளவே மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். 10 வினாடியில் முடிந்தால்தான் விஷயம் இருக்கிறது.

அப்போது மீட்டர் எண், அளவு, வீடியோ எல்லாவற்றோடும் எஸ்பி குழுமத்திடம் மீட்டர் சோதனை கேளுங்கள். கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கினாலும் மீட்டர் விவகாரம் எஸ்பியிடம்தான்.

பின்சேர்க்கை: ஸ்மார்ட் மீட்டர் வீட்டுக்கு இதெல்லாம் வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் செயலியில் அரைமணிநேரக் கணக்கைத் திறந்து, ஏர்கான் போடாத ஓர் இரவின் அதிகாலை 3 மணியைப் பாருங்கள். ஃபிரிட்ஜும் வைஃபையும் மட்டும் என்றால் அரைமணிக்கு 0.1 யூனிட்டைத் தாண்டுவது அபூர்வம். 0.5 காட்டினால் ஹீட்டர் சுவிட்சைப் போய்ப் பாருங்கள்.