சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரல் அழற்சி: மருந்து தேடும்போது முதல்ல தோத்துப்போன டிரயலை படிங்க

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னா பிறவியிலேயே வர்ற மரபணு நோய், கெட்டியான சளி நுரையீரலை அடைச்சு, கிருமி தங்கி, அழற்சி ஆகும். அதுக்கு மருந்து தேடி கூகுள்ல அடிச்சா மஞ்சள், மீன் எண்ணெய்னு வந்து கொட்டும், அத மூடிட்டு நேரா பப்மெட் (மருத்துவ ஆராய்ச்சி பேப்பர் தேடுற இலவச தளம்) போங்க. நோய் பேரு, மருந்து பேரு, கூட "ரேண்டமைஸ்டு"ன்னு (ஆளுங்கள குலுக்கல் முறைல பிரிச்சு மருந்தை சோதிச்ச டிரயல்னு அர்த்தம்) ஒரு வார்த்தை, அவ்ளோதான். எலி, செல் ஆராய்ச்சியெல்லாம் பாதி கழிஞ்சிடும்.

தேடுறதுக்கு முன்னாடி ஒண்ணு மண்டைல ஏத்திக்கணும். இந்த நோய்ல நுரையீரலுக்குள்ள நியூட்ரோஃபில்னு ஒரு வகை வெள்ளை ரத்த செல்லுங்க கூட்டம் கூட்டமா வந்து எலாஸ்டேஸ்னு ஒரு என்சைமை கக்கி மூச்சுக்குழாய் சுவரையே அரிக்குது, சரி, ஆனா கிருமியோட மல்லுக்கட்டுறதும் அதே செல்லுங்கதான். அதனால "அழற்சியை குறைக்குது"ன்னு போட்டிருந்தா உடனே சந்தோஷப்படாதீங்க. அமெலுபன்ட்னு ஒரு மருந்து (பேப்பர்ல பிஐஐஎல் 284ன்னு இருக்கும்), நியூட்ரோஃபிலை கூப்பிடுற சிக்னலையே தடுக்கும், கேக்க எவ்ளோ நல்லாருக்கு? 420 பேர் சேர்ந்த நிலைமைல டிரயலை பாதில நிறுத்திட்டாங்க, மருந்து எடுத்த பெரியவங்களுக்கு நுரையீரல் பிரச்சனை கூடிப்போச்சு. 2014ல பேப்பரா வந்துச்சு, முதல்ல அத படிங்க.

அடுத்து ஐபுப்ரோஃபென். ஆமா, தலைவலிக்கு போடுற அதே மாத்திரைதான், ஆனா டோஸ் வேற உலகம். 1995ல கான்ஸ்டன் குழு அமெரிக்கால 85 பேரை ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு இதையும் இன்னொண்ணுக்கு டம்மி மாத்திரையும் 4 வருஷம் குடுத்து பாத்தாங்க, இத எடுத்தவங்களுக்கு நுரையீரல் திறன் இறங்குற வேகம் குறைஞ்சுது, அதுவும் 13 வயசுக்கு கீழ இருந்த புள்ளைங்களுக்குத்தான் நல்ல பலன். ரத்தத்துல மருந்து அளவு மில்லிக்கு 50லேருந்து 100 மைக்ரோகிராம் வர்ற மாதிரி ஒவ்வொருத்தருக்கும் டெஸ்ட் எடுத்து டோஸ் வச்சாங்க, இதுதான் முக்கியம், ஏன்னா அளவு கம்மியா இருந்தா நியூட்ரோஃபில் வரத்து கூடிடலாம்னும் ஆராய்ச்சி இருக்கு. வயித்துல ரத்தக்கசிவு ரிஸ்க் வேற, டோப்ராமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஊசி ஓடும்போது கிட்னிக்கும் ஆபத்து. தயவுசெஞ்சு வீட்ல நீங்களா முயற்சி பண்ணிடாதீங்க.

2007ல கனடால 142 புள்ளைங்கள வச்சு திரும்ப பாத்தாங்க. எஃப்விசி (மூச்சை முழுசா இழுத்து மொத்தமா ஊதுற காத்தோட அளவு) இறங்குறது குறைஞ்சுது, எஃப்இவி1ல (அதுல முதல் ஒரு நொடில வெளிய வர்ற அளவு) பெரிய வித்தியாசம் தெரியல. அதான் சொல்றேன், "பலன் இருந்தது"ங்கற வரியோட நிறுத்தாம எந்த நம்பர், எந்த வயசு, எத்தனை மாசம்னு நோட்ல எழுதுங்க. அசித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக்லயும் இதே கதை: 2003ல நுரையீரல்ல சூடோமோனாஸ்ங்கற கிருமி இருந்தவங்களுக்கு எஃப்இவி1 ஏறுச்சு, 2010ல அந்த கிருமி இல்லாத புள்ளைங்களுக்கு ஏறவே இல்ல, ஆனா நோய் திடீர்னு முத்துறது குறைஞ்சுது. பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு வருஷக்கணக்கா குடுத்தா வளர்ச்சி தடை, கண்புரை, சுகர், அதுக்கு இதுக்கு மேல எழுத தேவையில்ல.

கிளினிக்கல்டிரயல்ஸ் டாட் கவ் (டிரயல்களை பதிவு பண்ற அமெரிக்க அரசு தளம்) தளத்துல ஸ்டேட்டஸ் "டெர்மினேட்டட்"னு (பாதில நிறுத்துனது) இருக்கறதையும் தனியா வடிகட்டி பாருங்க, ஏன் நிறுத்துனாங்கன்னு காரணமும் பெரும்பாலும் போட்டிருப்பாங்க. தேதி ரொம்ப முக்கியம். 2019 அக்டோபர்ல ட்ரைகாஃப்டாவுக்கு (இந்த நோய்ல பழுதான புரதத்தையே சரியா வேலை செய்ய வைக்குற மாத்திரை) அமெரிக்கால அனுமதி கிடைச்சுது, அதுக்கு முன்னாடி நடந்த டிரயல்ல அந்த மாத்திரை எடுக்குறவங்க பெரும்பாலும் இருக்க மாட்டாங்க, அப்ப அந்த முடிவு இன்னிக்கு அத எடுக்குற ஆளுக்கு அப்படியே பொருந்துமான்னு யோசிக்கணும்.

இன்னொரு பொறி, பிரென்சோகேட்டிப். 2025ல அனுமதி வாங்குச்சு, எலாஸ்டேஸ் கிளம்புறதையே குறைக்குது, வாட்சப்ல பறக்குது. ஆனா அனுமதி சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் *இல்லாத* பிராங்கியெக்டாசிஸுக்கு (மூச்சுக்குழாய் நிரந்தரமா விரிஞ்சு போற நோய்), தலைப்ப மட்டும் படிச்சா இது தவறிடும்.

டாக்டர்கிட்ட போகும்போது முப்பது பேப்பர் பிரின்ட் வேணாம், ரெண்டு போதும். அசித்ரோமைசின் பத்தி பேசுறதா இருந்தா, காசநோய் வகையறா கிருமி இருக்கான்னு சளி கல்ச்சர் பாத்தாச்சா, இசிஜி எடுக்கணுமான்னு கேளுங்க.