திருமலையில் வான் வண்டியை விட்டு இறங்கி நடங்கள்: கடற்கரையிலிருந்து கோணேசர் வாசல் வரை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் திருகோணமலையை ஒரே மாதிரித்தான் பார்க்கிறார்கள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிடித்த வான் வண்டி நேரே கோட்டைக்குள் நுழைந்து கோணேசர் கோவிலடியில் போய் நிற்கும். ஒரு அர்ச்சனை, நாலு படம், அதற்குள் "நிலாவெளிக்கு நேரமாகுது" என்று சாரதி அவசரப்படுத்துவார். கோணேசரைக் கும்பிட்டாயிற்று, சரி. திருமலையைப் பார்த்தீர்களா என்றால் இல்லை.

அதற்கு டச் பே கடற்கரையில் இறங்கி நடக்க வேண்டும். கடல் உங்கள் வலக்கைப் பக்கம் வர, கோட்டையை நோக்கி நடந்தால் வழி தவறவே முடியாது. கோவில் இருக்கும் பாறையான சுவாமிமலை கண்ணுக்கு முன்னாலேயே நிற்கும். கோட்டை வாசல் வரை சமதரை, அதற்குப் பிறகு மெல்ல ஏறும் தார் வீதி, கோவிலை நெருங்கும்போது கொஞ்சம் படிகள். ஒரு வழிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர். முழங்கால் வலிக்காரர்களைக் கோட்டை வாசல் வரை நடக்க விட்டு, மேலே ஓட்டோவில் அனுப்பலாம். தள்ளுவண்டிக் குழந்தைக்கும் வீதி பிரச்சினையில்லை. படியில் மட்டும் தூக்க வேண்டும்.

நேரம் முக்கியம். ஆறு மணிக்கு முன்பே கடற்கரைக்கு வந்துவிட்டால் சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். விடியக்காலைப் பூசையும் கிடைக்கும். பிந்தினால் வெயில் ஏறிவிடும், செருப்பைக் கழற்றிய பிறகு கல் சுடும், நண்பகலுக்குப் பிறகு நடையும் சாத்திவிடுவார்கள். மாலையென்றால் நாலரைக்குப் பிறகு. வெயில் நகரத்துப் பக்கம் சாய்ந்து, ஊர்ச்சனம் குடும்பம் குடும்பமாக மணலில் இறங்கும் நேரம் அது. கச்சான், மாங்காய்த் துண்டு, இறால் வடை எல்லாம் அப்போதுதான் வரும். என்னைக் கேட்டால் சாமிக்குக் காலை, கடற்கரைக்கு மாலை.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறை வரும் ஜூலை, ஆகஸ்ட் கிழக்குக் கரைக்கு நல்ல காலம். கடல் அமைதி, ஆனால் கச்சான் எனும் மேல்காற்று அனலாக வீசும், தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் புறப்படாதீர்கள். நத்தார் லீவுக்கு வருகிறவர்கள் குடையோடு வரவேண்டும், அது வாடைக்காலம். அலை எழும்பி நிற்கும் அந்த நாட்களில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

கடற்கரையின் இன்னொரு முகத்தையும் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இதே கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அவர்களுக்கு நினைவேந்தல் நடக்கிறது. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். தெரியாமலே படம் எடுத்துக்கொண்டு போவதைவிடச் சொல்வது மேல் என்பது என் எண்ணம்.

கோட்டையை நெருங்கும்போது மான்கள் வரும். புள்ளிமான்கள், கூச்சமே இல்லாதவை. கையில் ஷொப்பிங் பேக்கைக் கண்டால் பின்னாலேயே வந்து மூக்கை உள்ளே விடும். பிஸ்கட்டை விட அந்தப் பைதான் ஆபத்து: உப்பும் எண்ணெயும் பட்ட பொலித்தீனை அப்படியே மென்று விழுங்கிவிடும். உணவு கொடுக்காதீர்கள், குப்பையைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுபோங்கள். கொம்பன் மானோடு செல்பி எடுக்கும் வீரமும் வேண்டாம்.

கோட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கல்லையும் வைத்து இதைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் 1803இல் வந்தது. உள்ளே இன்றும் இராணுவம் இருக்கிறது. முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள், அனுமதியில்லாமல் ட்ரோன் எடுத்து வரவே வேண்டாம். மரநிழலில் நடக்கும் இந்தத் துண்டுதான் எனக்கு முழு நடையிலும் பிடித்தது. வான் வண்டியில் போகிறவர்களுக்கு இது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கோவிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். அரைக் காற்சட்டையோடு வந்த பெடியனுக்கு ஒரு வேட்டி பையில் இருக்கட்டும். சம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. இப்போதுள்ள கோவிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன், 1950இல், கோட்டைக்குப் பக்கத்தில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட பழைய செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. இடிபடும் நேரத்தில் யாரோ புதைத்துக் காப்பாற்றியவை. உள்ளே கும்பிடும்போது இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள்.

கும்பிட்டு முடிந்ததும் ஓடி வராதீர்கள். பாறை முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. இராவணன் வெட்டு என்ற பிளவை எட்டிப் பார்க்கலாம், சின்னப் பிள்ளைகளின் கையை விடாமல். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தொலைநோக்கி கொண்டு வந்தால் திமிங்கிலம் மூச்சு விடும் நீர்ப்பீச்சலைக் கரையிலிருந்தே காணும் வாய்ப்பு உண்டு. துறைமுகத்தை ஒட்டியே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குவதால் அவை இவ்வளவு கிட்ட வருகின்றன. படகுக்குப் பணம் கட்டுமுன் இங்கே அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

திரும்பும்போது கால் கெஞ்சினால் ஓட்டோ பிடிக்கலாம். ஏறுமுன் காசைப் பேசிக்கொள்ளுங்கள், இளநீருக்கும் ஓட்டோவுக்கும் சில்லறைத் தாள் வைத்திருங்கள். கடல் குளிப்புக்கு உப்புவெளி, நிலாவெளி. சாரதியிடம் மத்தியானத்துக்குப் பிறகு வரச் சொன்னால் போதும்.