குறுகிய பருவமும் வறண்ட மண்ணும்: சோம்பு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோம்பு என்றவுடன் எல்லோருக்கும் விதைதான் நினைவுக்கு வருகிறது. அதனால் பெருஞ்சீரகம் என்றும் அழைக்கப்படும் இச்செடியை முதன்முதலாக வளர்ப்பவர்களும் விதையையே இலக்காக வைத்துத் தொடங்கிவிடுகின்றனர். உறைபனி இல்லாத நாட்கள் 90 முதல் 120 வரை மட்டுமே கிடைக்கும், மழையும் குறைவான இடங்களில், முதல் தவறு இங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. விதைத்த 50 அல்லது 60 நாட்களில் இறகு போன்ற அதன் தழையைக் கிள்ளத் தொடங்கிவிடலாம். ஆனால் அதே செடி பூத்து, காய்த்து, விதை முற்றுவதற்குப் பெரும்பாலும் நான்கு மாதங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் பனி விழுந்து, பால் பிடித்த நிலையிலேயே காய்கள் கருகிப்போகும். குறுகிய பருவம் முதல் ஆண்டில் உறுதியாகத் தருவது தழையை மட்டுமே. இதை ஏற்றுக்கொண்டு தொடங்குபவருக்கு விதைக்கும் நாள், செடிகளுக்கு இடையே விடும் இடைவெளி, நீரின் அளவு, அறுவடை முறை ஆகிய எல்லாமே வேறாக அமையும்.

விதை வாங்கும்போது நேரும் குழப்பம் இதற்கு அடுத்தது. அடித்தண்டு குமிழ்போலப் பருக்கும் வகையும், தழைக்கும் விதைக்குமென வளர்க்கப்படும் வகையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை; இரண்டின் இலைகளையும் உண்ணலாம். இருப்பினும், குமிழ் வகை இடைவிடாத ஈரத்தை எதிர்பார்ப்பது. பகல்பொழுது நீளும்போதும், வெயில் ஏறும்போதும், ஒருமுறை மண் காய்ந்துவிட்டாலும்கூட அது குமிழ் வைப்பதை விட்டுப் பூத்தண்டை எழுப்பிவிடும். வறண்ட நிலத்தில் தழைக்காக வளர்ப்பவர்கள் குமிழ் வகையைத் தவிர்ப்பதே நல்லது. அஞ்சறைப்பெட்டியில் உள்ள சோம்பை விதைப்பதும் பலர் செய்து பார்க்கும் காரியம்தான். அதில் முளைப்பதும் உண்டு, ஆனால் அது எந்த ஆண்டு அறுவடையானது என்பது யாருக்கும் தெரியாது. சோம்பு விதையின் முளைப்புத்திறன் மூன்று, நான்கு ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிடும். நீண்ட பருவம் உள்ள இடத்தில் ஒருமுறை முளைக்காவிட்டால் மறுபடியும் விதைத்துக்கொள்ளலாம். இங்கே இழக்கும் இரண்டு வாரங்களை ஈடுசெய்ய வழியில்லை.

எப்போது விதைப்பது என்பதில் அவசரக்காரர்களைவிட அதிகக் கவனமுள்ளவர்களே பெரிதும் தவறுகின்றனர். தக்காளிக்குக் காத்திருப்பதுபோல, உறைபனி முற்றிலும் ஓயட்டும் என்று சோம்புக்கும் காத்திருக்கின்றனர். சோம்பு நாற்று இலேசான பனியைத் தாங்கிக்கொள்ளும். கடைசி உறைபனி வழக்கமாக விழும் நாளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்பே நேரடியாக நிலத்தில் விதைத்துவிடலாம். வறண்ட நிலத்தில் இதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. பனி உருகிய நீரும் பருவத் தொடக்கத்து ஈரமும் மண்ணில் தங்கியிருக்கும் காலம் அதுதான். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த ஈரத்தைக் காற்று உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதற்காக, கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும் குளிர்ந்த மண்ணில் விதைக்கச் சொல்லவில்லை. மண்ணின் வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது விதைகள் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் முளைக்கும். அதைவிடக் குளிர்ந்த மண்ணில் அதே விதைகள் பல நாட்கள் வாளாவிருக்கும், சில அழுகியும் போகும்.

பருவம் குறுகியது என்பதால், வீட்டுக்குள் குழித்தட்டில் நாற்று வளர்த்துப் பின்னர் எடுத்து நடலாம் என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆழமில்லாத தட்டில் ஆறு வாரம் வளர்த்து, பார்வைக்குச் செழிப்பாக இருந்த நாற்றுகளை நட்டேன். நட்ட மூன்றாவது வாரமே, ஒரு சாண் உயரம்கூட எட்டாத செடிகள் பூத்தண்டு எழுப்பத் தொடங்கின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது காரணம் விளங்கியது: நேராகக் கீழே இறங்கியிருக்க வேண்டிய ஆணிவேர், தட்டின் அடியைத் தொட்ட இடத்தில் மடங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தச் சுருள் அவிழாமலேயே தடித்திருந்தது. புதிய மண்ணுக்குள் மெல்லிய பக்கவேர்கள் இரண்டொன்று மட்டுமே போயிருந்தன. கேரட்டின் உறவான இச்செடி வேரில் கை வைப்பதைப் பொறுக்காது. வேர் தடைப்பட்டால், வாழ்நாள் முடிந்துவிட்டது என்பதுபோல விரைந்து பூக்கப் பார்க்கும். நாற்றாகத்தான் தொடங்க வேண்டும் என்றால், மண்ணில் மட்கிவிடும் ஆழமான காகிதக் குழல்களில் விதைத்து, நான்கு வாரத்துக்குள், குழலோடு சேர்த்துப் புதைத்துவிட வேண்டும். குழலின் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரிந்தால் அது திரிபோல ஈரத்தை இழுத்துக் காற்றில் விட்டுவிடும் என்பதால், விளிம்பைக் கிழித்துவிடுவது நல்லது.

நேரடியாக விதைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. அது மேல்மண் பொருக்குத் தட்டுவது. களிப்பாங்கான மண்ணில் விதைத்து, பூவாளியால் வேகமாக நீர் ஊற்றி, பிறகு இரண்டு நாள் வெயிலில் விட்டால், மேற்பரப்பு ஓடுபோல இறுகிவிடும். விதை முளைக்கவில்லை என்று கைவிட்ட பாத்தி ஒன்றில் அந்த ஓட்டைக் கத்தி முனையால் நெம்பிப் பாருங்கள். கொக்கிபோல வளைந்த வெளிறிய முளைகள் அதன் அடியில் முட்டிக்கொண்டு கிடக்கும். விதையில் குற்றம் இருந்திருக்காது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் விதைக்காமல், மேலே மண்ணுக்குப் பதிலாகச் சலித்த மட்கு உரத்தை இட்டு மூடினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். வறண்ட நிலத்தில் மேட்டுப் பாத்தி வேண்டாம். அது எல்லாப் பக்கமும் காய்ந்துவிடும். மாறாக, நான்கு விரல் ஆழத்துக்கு ஒரு சால் இழுத்து, அதன் அடியில் விதைத்தால், காற்றிலிருந்து மறைவும் கிடைக்கும், ஊற்றும் நீரும் வேருக்கே போய்ச் சேரும். முளைக்கும் வரை நனைத்த சாக்கு ஒன்றைச் சாலின்மேல் விரித்து வைக்கலாம். நீர் குடித்து உப்பிய விதை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் அதன்பின் அது முளைக்காமலே போகலாம். ஆனால் முதல் முளை தலைகாட்டிய அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும், இழைகளில் மாட்டிய நாற்றுகள் சாக்கோடு சேர்ந்து வந்துவிடும்.

முளைத்த பின் செடிகளைக் கலைத்துவிட மனம் வராமல் நெருக்கமாகவே விட்டுவிடுவதும் தவறு. செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இருக்கட்டும். மண்ணில் உள்ள ஈரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய நிலத்தில் இந்த இடைவெளியைக் குறைக்கக் கூடாது. வேண்டாத நாற்றைப் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும் என்பதால், கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் வெட்டிவிடலாம்.

இனி, எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு. சோம்பு வறட்சியைத் தாங்கும் செடி என்ற நம்பிக்கை அது. அது பொய்யன்று, அரைகுறையான உண்மை. இச்செடியின் தாயகம் மத்தியதரைக் கடலோரம். கிரேக்கத்தின் மாரத்தான் சமவெளியின் பெயரே சோம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர். அங்கே கோடை வறண்டதுதான், ஆனால் குளிர்காலம் மிதமானது, மழை பெய்வதும் அப்போதுதான். கோடை வருவதற்குள் வேர் ஆழத்துக்குப் போயிருக்கும். குறுகிய பருவத்தில் அந்தத் தயாரிப்புக் காலமே செடிக்குக் கிடைப்பதில்லை. ஆகவே முதல் ஆறு வாரங்களுக்கு அதை வறட்சி தாங்கும் செடியாக எண்ணவே கூடாது. மேல் ஐந்து சென்டிமீட்டர் மண் ஒருபோதும் முழுவதும் காயாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் முறையை மாற்ற வேண்டும். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பவர்களின் செடியில் வேர்கள் மேலேயே தங்கிவிடுகின்றன. ஒரு நாள் நீர் தவறினாலும் செடி துவண்டு, அடுத்த வாரம் பூத்தண்டு எழுப்புகிறது. மேலும், வறண்ட நிலத்து நீரிலும் மண்ணிலும் உள்ள உப்பு, சிறிதளவு நீர் ஊற்றி ஆவியாக விடும்போதெல்லாம் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 லிட்டர் நீரை மெதுவாக விட்டால் வேரும் கீழே இறங்கும், உப்பும் கீழே இறங்கும். மணற்பாங்கான மண்ணாக இருந்தால் இதையே இரண்டாகப் பிரித்து ஊற்றலாம். கடும் வெயில் வாரங்களில் இந்தக் கணக்கை நம்பிக்கொண்டிராமல், செடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு குச்சியை ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி எடுத்து, அதன் நுனியில் ஈரமண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமானது.

மூடாக்கு ஈரத்தைக் காக்கும் என்பதால் விதைத்தவுடனேயே வைக்கோலைப் பரப்பிவிடுவோர் உண்டு. குளிர்ந்த பருவத் தொடக்கத்தில் அது மண் சூடாவதைத் தடுத்துவிடும். செடி ஒரு சாண் உயரம் வந்த பிறகு, அடித்தண்டைத் தொடாமல் பரப்பினால் போதும்.

உரம் அதிகமானால் கெடுதல்தான். தழைச்சத்தை (நைட்ரஜனை) வாரி இறைத்தால் தழை மளமளவென்று வரும். ஆனால் நீர்த்துப்போன தழையாக இருக்கும், மணம் குறைந்திருக்கும், அசுவினியும் தேடி வரும். விதைப்பதற்கு முன் ஒருமுறை மட்கு உரம் கலந்தால் போதுமானது. வறண்ட நிலங்களின் மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையதாகவே இருக்கும். சோம்பு அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்றாலும், அதன்மேல் மரச்சாம்பலையும் கொட்டிக் காரத்தை ஏற்றுவது வேண்டாத வேலை.

இலைகளில் பச்சை, கறுப்புப் பட்டைகள் கொண்ட புழுக்களைக் கண்டவுடன் மருந்து தெளிக்க ஓடுவதையும் தவிர்க்கலாம். வால் நீண்ட சிறகுகளை உடைய சில பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் அவை. எண்ணிக்கையில் மிகச் சிலவே இருக்கும். பச்சையாகவே வாயில் போடும் தழையில் நஞ்சு தெளிப்பதைவிட, புழுக்களை எடுத்து ஒதுக்குப்புறமான ஒரு செடியில் விட்டுவிடுவது மேல். சோம்பின் உறவுச் செடியான சதகுப்பையின் அருகில் நட்டால் இரண்டும் கலந்து தழையின் சுவை மாறிவிடும் என்ற எச்சரிக்கையையும் அடிக்கடி கேட்கலாம். மகரந்தச் சேர்க்கையின் விளைவு விதையில்தான் தங்குமே தவிர, நின்றுகொண்டிருக்கும் செடியின் இலைச்சுவையை அது மாற்றாது.

அறுவடையைத் தள்ளிப்போடுவது மற்றொரு தவறு. செடி பெரிதாகட்டும் என்று காத்திருந்தால் முதலில் பெரிதாவது பூத்தண்டுதான். வெளிப்புறத் தழைகளிலிருந்து தொடங்கி, ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், வெயில் ஏறுவதற்கு முன் அறுக்க வேண்டும். எழும் பூத்தண்டை அடியோடு வெட்டினால் சில வாரங்களுக்கு மேலும் தழை கிடைக்கும்; அதற்குமேல் அந்தச் செடியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு சாலில் புதிதாக விதைத்துக்கொண்டே வந்து, இலையுதிர்கால உறைபனிக்கு எட்டு வாரம் இருக்கும்போது நிறுத்திக்கொள்ளலாம். காற்றுதான் வறண்டிருக்கிறதே என்று தழையை உலர்த்திச் சேமிப்பவர்களுக்குக் கடைசியில் பச்சை நிறத் தூள்தான் மிஞ்சும்; மணம் போய்விடும். பொடியாக நறுக்கி, சிறிது நீரோடு உறையவைத்தால் மணம் தங்கும்.

பருவ முடிவில், கருகிய செடியைப் பார்த்து அது செத்துவிட்டதென வேரைத் தோண்டி எறிந்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. சோம்பு பல்லாண்டுச் செடி. கடுங்குளிர் இடங்களில் வேர் பிழைக்கும் என்ற உறுதி கிடையாது என்றாலும், வாய்ப்பை அதற்குக் கொடுக்கலாம். வறண்ட நிலத்தில் வேரைக் கொல்வது குளிர் மட்டுமன்று, குளிரோடு சேர்ந்த வறட்சியுமே. எனவே மண் உறைவதற்கு முன் ஒருமுறை ஆழமாக நீர் விட்டு, காய்ந்த தண்டுகளை ஒரு முழம் உயரம் விட்டு வெட்டி, வேரின்மேல் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோல் இட வேண்டும். நின்றிருக்கும் தண்டுகள் காற்றில் அடித்துவரும் பனியைப் பிடித்துவைக்கும். அடுத்த பருவத்தில் மற்றச் செடிகள் துளிர்த்த பின்னும் சோம்பு தூங்கிக்கொண்டிருக்கலாம். அவசரப்பட்டுக் கிளற வேண்டாம்.

அப்படிப் பிழைத்த வேர், தொடக்கத்திலேயே வலுவாக இருப்பதால், இரண்டாம் ஆண்டில் முன்னதாகவே பூக்கும். விதையை விரும்பியவர்களுக்கு அதுவே தக்க சமயம். ஆள் உயரத்துக்கு எழும் தண்டுகளை வறண்ட காற்று முறித்துவிடாமல் முட்டுக் கொடுத்து, குடைபோன்ற பூங்கொத்துகளில் காய்கள் பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கியதும், ஒவ்வொரு கொத்தாக வெட்டி, காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். முழுவதும் முற்றட்டும் என்று விட்டால் விதைகள் தாமாக உதிர்ந்து, அடுத்த ஆண்டு தோட்டம் முழுவதும் முளைக்கும். கலிபோர்னியாவில் இச்செடி காட்டுக் களையாகப் பரவியது இவ்வாறுதான். அதற்குள் உறைபனி அறிவிப்பு வந்துவிட்டால், அன்று மாலையே பச்சைக் காய்களைக் கொத்தோடு அறுத்துவிடுங்கள். முற்றாத அந்த நிலையிலும் அவற்றின் இனிப்பும் மணமும் நன்றாகவே இருக்கும்.