டீஏசீ என்றால் என்ன அமினோ அமிலம்? கோடனை வாசிக்கும் முறை

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உயர்தர உயிரியல் படிக்கிறவர்களுக்குக் தேயிலைக் கொழுந்துக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை: இரண்டு இலை, ஒரு மொட்டு. கோடனும், அதாவது ஓர் அமினோ அமிலத்தையோ நிறுத்தத்தையோ குறிக்கும் எழுத்துக் கூட்டமும், மும்மூன்றுதான்.

டி.என்.ஏயின் வார்ப்பு இழை (தூது ஆர்.என்.ஏ இதைப் பார்த்துத்தான் எழுதப்படும்) 3' முனையிலிருந்து இப்படி இருக்கட்டும்: டீஏசீ சீடீசீ ஜீஏஏ ஏடீடீ. ஏ வந்தால் யூ, டீ வந்தால் ஏ, ஜீயும் சீயும் ஒன்றுக்கொன்று ஜோடி. தூது ஆர்.என்.ஏ: ஏயூஜீ ஜீஏஜீ சீயூயூ யூஏஏ.

இனி, எந்தக் கோடனுக்கு எது என்று காட்டும் அட்டவணை. மெதியோனைன், குளூட்டமிக் அமிலம், லூசின், நிறுத்தம். மொத்தம் 64 கோடன். அமினோ அமிலங்களுக்கு 61, நிறுத்தத்துக்கு 3. அட்டவணையில் தேட வேண்டியது தூது ஆர்.என்.ஏ கோடனை, அதற்கு ஜோடியாகும் எதிர்க்கோடனைத் தேடினால் விடை முழுதும் பிழை. புள்ளி போவது பெரும்பாலும் இங்கேதான்.

சீயூயூ, சீயூசீ ஆனாலும் லூசின்தான், பாதகமில்லை. ஜீஏஜீ, ஜீயூஜீ ஆனால் வேலின். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்தில் இது நடந்தால் அரிவாள் செல் நோய். ஓர் எழுத்து விழுந்துவிட்டால் இன்னும் மோசம்: இரண்டாம் கோடனின் முதல் ஜீயை அடித்துப் பாருங்கள். ஏயூஜீ ஏஜீசீ யூயூயூ ஏஏ... செரின், பினைல்அலனின், நிறுத்தக் கோடனையே காணோம், புரதம் கட்டும் றைபோசோம் ஓடிக்கொண்டே இருக்கும்.