ஊருக்குப் போகும் பெட்டியில் ட்ராக்கர்: பற்றரி திரும்பி வரும்வரை நிற்க

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ ஊருக்குப் பெட்டி கட்டுகிறவர்களில் பலர் இப்போது உள்ளே ஒரு ட்ராக்கரை, அதாவது பெட்டி எங்கே நிற்கிறதென்று போனில் காட்டும் சின்னக் கருவியை, போட்டுவிடுகிறார்கள்: ஆப்பிளின் எயார்டாக் அல்லது சாம்சுங்கின் ஸ்மார்ட்டாக். நல்ல பழக்கம். ஆனால் போட்டதோடு அதை மறந்துவிடுகிறோம். போன நல்லூர்த் திருவிழாவுக்குப் போட்ட பற்றரியே இந்த வருடத் திருவிழாவுக்கும் போகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டி வராமல் நிற்கும் அன்றைக்குத்தான் பற்றரி முடிந்துபோயிருப்பது தெரியவருகிறது.

எயார்டாக், ஸ்மார்ட்டாக் 2, மோட்டோ டாக் எல்லாவற்றுக்கும் ஒரே பற்றரிதான்: சி.ஆர். 2032. 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, 3 வோல்ட். நல்ல நிறுவனத்தின் பற்றரி ஒன்றில் 220 மில்லி ஆம்பியர் மணி அளவு இருக்கும். எயார்டாக் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும் என்கிறது ஆப்பிள். ஸ்மார்ட்டாக் 2 சாதாரணமாக 500 நாள், சிக்கன முறையில் 700 நாள் வரை என்கிறது சாம்சுங். ஒரு வருடக் கணக்கை வகுத்துப் பார்த்தால் ட்ராக்கர் சராசரியாக ஒரு மில்லி ஆம்பியரில் நாற்பதில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறது. இவ்வளவு சொற்பமாகச் செலவழிக்கும் கருவியில் சின்னச் சின்ன வீண்செலவும் பெரிதாகத் தெரியும்.

எது கரைக்கிறது, எது கரைக்காது என்பதில் பலருக்குக் குழப்பம். ட்ராக்கரிடம் ஜி.பி.எஸ். இல்லை. அது சில விநாடிக்கு ஒருமுறை புளூடூத்தில் ஒரு சின்ன அழைப்பை விடும். பக்கத்தில் போகிற யாருடையதோ போன் அதைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தை இணையத்தில் ஏற்றும். அதைத்தான் உங்கள் போன் வரைபடத்தில் காட்டுகிறது. ஆகவே வரைபடத்தை நூறு தடவை திறந்து பார்த்தாலும் ட்ராக்கரின் பற்றரி குறையாது, உங்கள் போனின் பற்றரிதான் குறையும். பெட்டி டோஹாவில் நிற்கும்போது கட்டுநாயக்காவிலிருந்து ‘ஒலி எழுப்பு’ என்று அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கட்டளை புளூடூத் எட்டும் தூரத்துக்குள்தான் போகும்.

கரைப்பவை வேறு. முதலாவது, கிட்ட நின்றுகொண்டு அடிக்கடி ஒலி எழுப்ப வைப்பது. பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு, பற்றரிக்கு இதுதான் பெரிய சுமை. இரண்டாவது, அம்புக்குறி காட்டி இத்தனை மீற்றர் என்று வழி சொல்லும் நுண்தேடலை நெடுநேரம் திறந்து வைத்திருப்பது. மூன்றாவது, சொந்தக்காரரை விட்டு விலகிய எயார்டாக் தானாகக் கத்துவது. 8 முதல் 24 மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு கட்டத்திற்குப் பிறகு, அதை யாராவது அசைத்தால் அது ஒலி எழுப்பும். நீங்கள் யாழ்ப்பாணத்தில் நிற்கிறீர்கள், ஒரு பெட்டி கிளிநொச்சியில் மாமா வீட்டில் நிற்கிறது என்றால், அங்கே யாராவது கூட்டும்போது பெட்டியை நகர்த்தினால் அது கத்தும். வீட்டிலுள்ளவர்களும் பயந்துபோவார்கள்.

பயணத்துக்கு முன்

பற்றரி போட்டு எட்டு மாதம் தாண்டிவிட்டதா? பயணத்துக்கு ஒரு கிழமை முன்பே மாற்றிவிடுங்கள். போன் எச்சரிக்கை தரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த எச்சரிக்கை கடைசிக் கட்டத்தில்தான் வரும், வரும்போது நீங்கள் ஒருவேளை வன்னிக்காட்டு வழியில் இருப்பீர்கள். கழற்றிய பழையதை எறிய வேண்டியதில்லை, வீட்டுத் தராசிலோ கார்த் திறப்பிலோ இன்னும் சில மாதம் உழைக்கும். கடைசி நாளில் மாற்றாமல் ஒரு கிழமை முன்னதாக மாற்றச் சொல்வதற்குக் காரணம், புதிய பற்றரி பழுதாக இருந்தால் அந்த ஒரு கிழமைக்குள் தெரிந்துவிடும்.

வாங்கும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒன்று, கசப்புப் பூச்சு. குழந்தைகள் விழுங்காதிருக்கச் சில நிறுவனங்கள் பற்றரியில் கசப்பான பூச்சொன்று பூசுகின்றன. அது நல்ல நோக்கம்தான், ஆனால் பூச்சு படும் இடத்தைப் பொறுத்து எயார்டாக்கில் மின்தொடர்பு கிடைக்காமல் போகலாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. உறையில் கசப்புப் பூச்சு என்று எழுதியிருந்தால் வேறொன்றை எடுங்கள். இரண்டு, திரும்பச் சார்ஜ் செய்யும் எல்.ஐ.ஆர். 2032. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும், 3 வோல்ட்டுக்குச் செய்த கருவிக்குக் கேடு. கொள்ளளவும் 40 மில்லி ஆம்பியர் மணி அளவுதான், இரண்டு மாதம் தாண்டாது. மூன்று, சி.ஆர். 2025. அகலம் அதே, தடிப்பு மட்டும் 2.5 மில்லிமீற்றர். சிலர் வெள்ளித்தாளை மடித்து அணைவைத்து அதைப் பொருத்துகிறார்கள். வெள்ளித்தாள் விலகி இரண்டு முனையிலும் பட்டால் பற்றரி சூடேறி ஒரேயடியாக முடிந்துவிடும்.

மாற்றும் முறை

எயார்டாக்கின் வெள்ளைப் பக்கம் கீழே, உருக்குப் பக்கம் மேலே. இரண்டு பெருவிரலாலும் உருக்கு மூடியை நன்றாக அமத்திக்கொண்டு இடப்பக்கமாக, மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். வியர்த்த விரலுக்கு வழுக்கும். மூடிமேல் ஒரு அகலமான இறப்பர் பாண்டை வைத்து அமத்தினால் பிடி கிடைக்கும். மூடி கழன்றதும் பழைய பற்றரியைக் கவிழ்த்து எடுங்கள். இரும்புச் சாவணத்தால் பிடிக்காதீர்கள், இரண்டு முனையும் தொட்டுவிடும்.

புதிய பற்றரியைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, எழுத்தும் + குறியும் மேலே தெரியும்படி வையுங்கள். விரல் எண்ணெய் படிந்தால் தொடர்பு கெடும். வைத்த உடனே ஒரு சின்ன ஒலி கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பற்றரி சரியாக உட்காரவில்லை, அல்லது பூச்சு தடுக்கிறது. ஒலி கேட்ட பின், மூடியின் மூன்று நாக்குகளையும் மூன்று பள்ளங்களில் பொருத்தி, நிற்குமட்டும் வலப்பக்கமாகத் திருப்புங்கள். பற்றரியை ஒருமுறை கழற்றுவதால் உங்கள் கணக்குடனான இணைப்பு போகாது. ஐந்து தடவை தொடர்ந்து கழற்றிப் போட்டால்தான் எயார்டாக் பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே தொடர்பு கிடைக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கழற்றிப் போடாதீர்கள்.

ஸ்மார்ட்டாக் 2 இன்னும் இலகு. போனில் சிம் தட்டை எடுக்கும் ஊசியை ஓட்டைக்குள் அழுத்தினால் தட்டு வெளியே வரும். அந்த ஊசி ஊரில் தேடக் கிடைக்காது, பாஸ்போட் பைக்குள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். டைல் என்ற நிறுவனத்தின் ட்ராக்கரை வாங்கியவர்கள் மாதிரியைப் பாருங்கள்: 2022 டைல் மேட்டில் பற்றரி மாற்ற முடியாது, மூன்று வருடத்தோடு சரி.

மாற்றிய திகதியை ஒரு சின்னத் துண்டு ரேப்பில் எழுதி ட்ராக்கரின் மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த பயணத்தின்போது நினைவில் தேட வேண்டியிருக்காது.

விமானத்தில்

ட்ராக்கரை இயங்கும் நிலையிலேயே பெரிய பெட்டிக்குள் போடலாம். ஒரு ட்ராக்கரில் 0.3 கிராம் வரை லித்தியம் இருக்கலாம் என்பது விதி, சி.ஆர். 2032இல் இருப்பது ஏறத்தாழ 0.1 கிராம். 2022இல் லுஃப்தான்சா தடை என்று சொல்லிச் சில நாளில் மாற்றிக்கொண்டதை வைத்து இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், பயப்படத் தேவையில்லை. உதிரிப் பற்றரி மட்டும் கைப்பையில்தான் போக வேண்டும். இரண்டு போதும். உறையைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். சில்லறையோடும் சங்கிலியோடும் பையில் உருள விட்டால் முனைகள் தொட்டுச் சூடேறும்.

தைப்பொங்கலுக்குப் போகிற கனடாக்காரருக்கு ஒரு சொல்: குளிரில் பற்றரியின் உள்தடை ஏறும். ஓடுபாதைப் பக்கம் உறைகுளிரில் பெட்டி நின்றால், பாதி முடிந்த பற்றரி ‘குறைவு’ என்று எச்சரிக்கை அனுப்பும். வெப்பத்துக்கு வந்ததும் அது மறையலாம், ஆனாலும் மாற்ற வேண்டிய பற்றரிதான் அது.

பெட்டிக்குள் எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சொக்லேற் ரின்களுக்கும் பிரஷர் குக்கருக்கும் அடியில் வைத்தால் அழைப்பு வெளியே வராது. திரும்பி வரும்போது பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் நெருக்கி அடுக்கிய பெட்டியிலும் அப்படித்தான். மூடியின் உட்துணிப் பையில், சிப்புக்குக் கிட்ட வையுங்கள்.

பெட்டி வரவில்லை என்றால் மண்டபத்தை விட்டு வெளியேற முன்பே முறைப்பாட்டுப் பத்திரத்தை எழுதிக்கொடுங்கள். எயார்டாக் என்றால், ஐபோனில் ஐஓஎஸ் 18.2 மென்பொருள் முதல் ‘இருப்பிடத்தைப் பகிர்’ என்று இணைப்பொன்றை உருவாக்கி விமான நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். அது ஏழு நாளில் காலாவதியாகும், அல்லது பெட்டி உங்களிடம் வந்ததும் நின்றுவிடும்.

ஊரில் நிற்கும்போது

கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வான் வண்டியில் ஏழெட்டு மணி நேரம். வேறொரு வானில் வரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அனுராதபுரத்தில் ஒரு புள்ளி, வவுனியா நகரில் ஒரு புள்ளி, முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்பதால் இன்னொரு புள்ளி என்றுதான் வரும். இடையில் காடு. கேட்பதற்குப் போன் இல்லை. ‘பற்றரி செத்துப்போச்சு’ என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான். வரைபடத்தில் கடைசியாகக் கண்ட நேரத்தைப் பாருங்கள். புள்ளிகள் பழையதானாலும் சனம் உள்ள இடம் வந்ததும் புதிது வந்தால் பற்றரியில் பிழை இல்லை. எயார்டாக்கின் அழைப்பை ஆப்பிள் கருவிகளே கேட்டுச் சொல்லும். ஊரில் அன்ட்ரொயிட் போன்களே கூட என்பதால், எயார்டாக் லண்டனில் போல அடிக்கடி இடம் காட்டாது.

மோட்டோ டாக் போல கூகுள் வலையமைப்பில் இயங்கும் ட்ராக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன மாற்றம் பெரிய உதவி செய்யும். அன்ட்ரொயிட் போன்கள் இயல்பாகவே ‘ஆள் நடமாட்டம் கூடிய இடங்களில் மட்டும்’ என்ற நிலையில் இருக்கும். ஒரு கிராமத்து ஒழுங்கைக்குள் ஒரேயொரு போன் கேட்டால் அது இடத்தைச் சொல்லாது. உறவினரின் போனில் ஃபைண்ட் ஹப் என்ற கூகுளின் தேடல் செயலியின் அமைப்புக்குள் போய் ‘எல்லா இடங்களிலும்’ என்று அவர்களின் சம்மதத்தோடு மாற்றுங்கள்.

ஐபோன் வைத்திருக்கும் உறவினரிடம் பெட்டி நிற்கப்போகிறதென்றால், ஐஓஎஸ் 17க்குப் பிறகு எயார்டாக்கை ஐந்து பேர் வரை பகிரலாம். பகிர்ந்துவிட்டால் ‘யாரோ உங்களைப் பின்தொடர்கிறார்கள்’ என்ற எச்சரிக்கை அவர்களுக்கு வராது. வான் சாரதிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் ஓரிடத்திலேயே பெட்டி நிற்கும் என்றால் பற்றரியைக் கழற்றி வைப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

வெயிலில் நிறுத்திய வானின் கண்ணாடிக்கடியில் திறப்புக்கொத்தை விடாதீர்கள். எயார்டாக்கின் எல்லை 60 பாகை செல்சியஸ். மத்தியான வெயிலில் வானின் முன்தட்டு அதைத் தாண்டலாம். கசூரினாக் கடலுக்குள் திறப்போடு இறங்க வேண்டாம். இந்தக் கருவிகள் தாங்குவதாகச் சொல்லும் ஒரு மீற்றர், 30 நிமிடம் என்பது நல்ல தண்ணீருக்கு. உப்புநீர் புகுந்தால் தொடுமுனை அரித்துவிடும்.

அங்கே வாங்க வேண்டி வந்தால் கணினி திருத்தும் கடைக்குப் போங்கள். கணினித் தாய்ப்பலகையிலும் இதே பற்றரிதான், அதனால் அங்கே சரக்கு தேங்காது. உறை பிரிக்காததை, காலாவதித் திகதி பார்த்து வாங்குங்கள். கடையில் மல்டிமீற்றர் இருந்தால் அளக்கச் சொல்லலாம்: புதியது 3.2 வோல்ட்டுக்குக் கிட்ட காட்டும். வெறும் அளவு ஏமாற்றும் என்பதால், 470 ஓம் தடையொன்றைச் சில விநாடி இணைத்து அளப்பது நிச்சயம். நல்லது 2.9, 3.0இல் நிற்கும். சரசரவென்று இறங்கினால் வேண்டாம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கழற்றிய பற்றரியை மேசையில் விடாதீர்கள். இந்த அளவுப் பற்றரி தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே இலங்கையில் 1990 அம்புலன்சுக்கு அழைத்து உடனே ஆஸ்பத்திரி. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிறதென்றால் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

முடிந்த பற்றரியை வளவுக் குப்பையோடு கொளுத்த வேண்டாம், நெருப்பில் வெடிக்கும். இரண்டு பக்கமும் ரேப் ஒட்டி, கைப்பையில் திரும்பக் கொண்டுவந்து, நீங்கள் இருக்கும் நாட்டில் கடைவாசலில் வைத்திருக்கும் பற்றரிப் பெட்டியில் போடுங்கள். வீடு வந்து பெட்டியைப் பரணில் ஏற்ற முன், ட்ராக்கரின் நல்ல பற்றரியையும் கழற்றி ரேப் ஒட்டி வையுங்கள். லித்தியம் பற்றரி சும்மா இருக்கையில் வருடத்துக்கு நூற்றில் ஒரு பங்கு அளவே இழக்கும், அடுத்த பயணத்துக்கு அதையே போடலாம்.