லாவெண்டரைக் கொல்வது குளிர் அல்ல, ஈரம்

டொராண்டோ பக்கம் லாவெண்டர் என்ற ஊதாப்பூ வாசனைச் செடியை வைத்தவர்கள் பலர் ஏப்ரலில் புலம்புவது, "குளிரில் செத்துப்போச்சு." வேரைத் தோண்டிப் பாருங்கள். கருத்து நொளநொளவென்று இருந்தால், அது அழுகிச் செத்த செடி. மத்தியதரைக்கடல் நாடுகளின் மலைச்சரிவில், கல்லும் சுண்ணாம்பும் கலந்த வறண்ட மண்ணில் வளர்ந்த இனம் அது. இங்கத்தைய களிமண்ணில் மழைநீரும் உருகிய பனியும் தேங்கினால் தாங்காது.

இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், குழி தோண்டி அதில் மட்டும் மணலைக் கொட்டுவது. நானும் செய்தேன். சுற்றிலும் களிமண் இருக்க, அந்தக் குழி கிண்ணம் மாதிரி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. மண்ணை ஓரடி மேடாக்கி, பொடிக்கல் கலந்து, நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் நடுவதுதான் சரி. வேர் பிடித்த பிறகு மல்லிகைக்கு ஊற்றுவது போலத் தினமும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடித்தண்டைச் சுற்றி மரத்தூள் மூடாக்கும் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், பொடிக்கல் போதும். உரமும் அதிகம் வேண்டாம். தழைச்சத்து கூடினால் தளிர் மென்மையாகிக் குளிரில் கருகும்.

அடுத்தது, வாங்கும்போதே நடக்கும் தவறு. பூவின் உச்சியில் முயல் காது போல இதழ்கள் நிற்பது ஸ்பானிஷ் லாவெண்டர். பார்க்க அழகுதான், ஆனால் கனடாக் குளிரை வெளியில் தாங்காது. 'ஹிட்கோட்', 'மன்ஸ்டெட்' போன்ற இங்கிலீஷ் லாவெண்டர் வகைகளைக் கேளுங்கள். (பேர்தான் இங்கிலீஷ், பூர்வீகம் இங்கிலாந்து இல்லை.) இவை 5ஆம் குளிர் மண்டலம் வரை, அதாவது மைனஸ் 25 டிகிரியை ஒட்டிய குளிரிலும் பிழைக்கக்கூடியவை. தொட்டியில் வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. வேரைச் சுற்றித் தரை இல்லாததால் அங்கே குளிர் இன்னும் கடுமை.

கத்தரிப்பதிலும் கவனம் வேண்டும். பூ முடிந்ததும் பச்சைத் தண்டில் மூன்றில் ஒரு பங்கை வெட்டலாம். இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. அக்டோபரில் கத்தரிக்கோலைத் தொடவே வேண்டாம்.

மற்ற பல்லாண்டுச் செடிகளுக்கும் அதே மாதம்தான் கண்டம். தோட்டத்தைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று எக்கினேசியா என்ற பூச்செடியின் காய்ந்த பூத்தலைகளை வெட்டிவிடுகிறோம். அந்த விதைகளைத் தின்னக் கோல்ட்ஃபின்ச் குருவிகள் வரும், விட்டுவிடுங்கள். பெரிய பூ பூக்கும் பியோனிச் செடியில் தவறு வேறு. நடும்போது கிழங்கின் முளை மொட்டு 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் போனால், இலை மட்டும் செழிக்கும், பூ வராது.

அப்புறம், அவசரம். லாவெண்டர் தாமதமாகத்தான் விழிக்கும். மே கடைசி வரை சாம்பல் நிறக் குச்சியாகவே நிற்கலாம். ஒரு வருடம் மே முதல் வாரத்திலேயே, செத்தது என்று ஒன்றைப் பிடுங்கிவிட்டேன். அடித்தண்டில் மூன்று பச்சை முளைகள் இருந்தன.